கரண்டு நிலைக்காத ஊரில் எந்த இயங்குதளம்? மாலைத் தமிழ் வகுப்பின் கணினிகளுக்காக ஒரு விவாதம்

ஐராவதிக்கரை | ரங்கூன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கோயில் மண்டபத்தை ஒட்டிய அறையில் மாலைத் தமிழ் வகுப்பு நடக்கிறது. அதற்கு ஓர் அலுவலகம் தன் பழைய கணினிகளைக் கொடுத்திருக்கிறது. எல்லாம் இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், சுழலும் ஹார்டு டிஸ்க். உள்ளே விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், பிராசசர் எட்டாம் தலைமுறைக்குக் குறையக்கூடாது. இரண்டுமே இவற்றில் இல்லை.

பிள்ளைகளுக்குத் தேவை அதிகமில்லை. தமிழில் தட்டச்சு, பர்மிய மொழியில் தட்டச்சு, கொஞ்சம் ஆங்கிலம், மூன்றும் ஒரே பக்கத்தில் வரும்படி ஒரு கட்டுரை, அதை அச்செடுப்பது. இணையம் ஆசிரியரின் போனில் இருந்து வரும் ஹாட்ஸ்பாட் மட்டும்தான். கரண்டு நிலைமை உங்களுக்கே தெரியும். சுற்றுமுறை என்பார்கள், சொன்ன நேரத்தில் வராது, சொல்லாத நேரத்தில் போய்விடும். எல்லாக் கணினிக்கும் யுபிஎஸ் கிடையாது.

எதைப் போடலாம்? ஒவ்வொரு தளத்துக்கும் இங்கே உறுதியான ஆதரவாளர்கள் இருக்கிறீர்கள். தாராளமாக வாதாடுங்கள், ஆனால் இந்த அறையை மனதில் வைத்து வாதாடுங்கள். அமெரிக்காவில் எது வேகம் என்பது எங்களுக்கு உதவாது.


சன்னல்காரர் | ரங்கூன்

முதல் ஆளாக வந்துவிட்டேன் தம்பி. இருப்பதை மாற்றாதீர்கள்.

விண்டோஸ் 10 செத்துப்போகவில்லை. அதன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பதிவு செய்தால் வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். அதற்குள் வேறு கணினிகள் கிடைக்கலாம்.

இன்னொன்று. நான் அச்சகம் நடத்துகிறவன். கல்யாணப் பத்திரிகை, தீமிதித் திருவிழா நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளில்தான். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். இன்றைக்கும் என் விண்டோஸில் திறக்கிறது. இருபது வருடத்துக்கு முந்தைய கோப்பை எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றி, ஒரு மணி நேரத்தில் பிரின்ட் போட்டுக் கொடுக்கிறேன். பழைய மென்பொருளை இவ்வளவு காலம் கைவிடாமல் வைத்திருக்கும் வேறு தளத்தைக் காட்டுங்கள். பிள்ளைகள் நாளைக்கு வேலைக்குப் போகிற கடையிலும் அலுவலகத்திலும் இருப்பது இதுதான். அவர்களுக்கு இதையே கற்றுக்கொடுங்கள்.


மௌல்மீன் பென்குயின் | மௌல்மீன்

சன்னல்காரர் அண்ணனுக்கு வணக்கம். பேஜ்மேக்கர் விஷயத்தில் உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் பிள்ளைகள் பேஜ்மேக்கர் கற்கப் போவதில்லை. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடு அதில் கிடையாது. பாமினி மாதிரி எழுத்துருவில்தான் தமிழ் அடிக்க வேண்டும். அப்படி அடித்ததை எடுத்து ஒரு மின்னஞ்சலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும்.

ஐராவதிக்கரை அண்ணா, என் பரிந்துரை லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம், அதில் பழைய கணினிக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. 2 ஜிபி ராம் இருந்தாலே எழுந்துவிடும், 4 ஜிபியில் நிம்மதியாக ஓடும். கணக்கு, பதிவு, கட்டணம் எதுவும் கேட்காது. தமிழுக்கு லோஹித், நோட்டோ எழுத்துருக்கள், பர்மியத்துக்கு நோட்டோ, பதௌக். உள்ளிடுவதற்கு ஐபஸ். அதில் தமிழ் 99 விசைப்பலகை உண்டு.

இணையம் மெதுவாக இருப்பதற்கும் வழி இருக்கிறது. ஒரு கணினியில் ஆப்ட் கேஷர் என்ற சிறு நிரலை நிறுவினால், புதுப்பிப்புகளை அது ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளும். மற்ற கணினிகள் அதனிடமே வாங்கிக்கொள்ளும். ஆசிரியரின் போன் டேட்டா ஒரு கணினிக்கு மட்டும்தான் செலவாகும்.

விண்டோஸைப் பற்றி ஒரு பழைய மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் ஸாவ்ஜி என்ற, யூனிகோடு விதிப்படி நடக்காத பர்மிய எழுத்துருவின் குழப்பம் வேரூன்றியது எப்படி? விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வந்தது. பர்மிய எழுத்துக்கு விண்டோஸில் உள்ளபடியே ஆதரவு வந்தது 2012-இல், விண்டோஸ் 8-இல். நடுவில் இருந்த காலம் முழுக்க, எழுத்துக்கு அடியில் எழுத்தை அடுக்கி, சுற்றி வளைக்க வேண்டிய குறிகளை வளைத்துக் காட்டும் வேலையை அந்தத் தளம் பர்மியத்துக்குச் செய்யவில்லை. அந்த ஓட்டையில்தான் ஸாவ்ஜி நுழைந்தது.


சன்னல்காரர் | ரங்கூன்

தங்கச்சி, ஸாவ்ஜியைக் குப்பை என்று தள்ளிவிட முடியாது. நான் அந்தக் காலத்தில் இங்கே இருந்தவன். இணையக் கடைக்குப் போனால் எல்லாக் கணினியிலும் எக்ஸ்பி. ஒரு எழுத்துருவை நிறுவினால் போதும், பர்மிய மொழி தெரியும். ஜனங்கள் தங்கள் மொழியில் ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்ததே அப்படித்தான். சரியான முறை வரும்வரை காத்திருங்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்க முடியுமா? 2014-இல் 1,500 கியாட்டுக்கு சிம் வந்து ஊரே போன் வாங்கியபோதும் அந்தப் போன்களில் ஸாவ்ஜிதான் இருந்தது. அந்தப் போன்கள் ஆண்ட்ராய்டு. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது உங்கள் லினக்ஸ்.

நம் தமிழும் இதே பாதையில் வந்ததுதான். டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு குறியேற்றம். தமிழ்நாடு அரசே 2010-இல்தான் யூனிகோடுக்கு முறையாக மாறியது. முதலில் மக்கள் எழுதட்டும், பிறகு ஒழுங்கு வரும். இதுதான் என் கட்சி.


மௌல்மீன் பென்குயின் | மௌல்மீன்

மக்கள் என்று எந்த மக்களைச் சொல்கிறீர்கள் அண்ணா? நான் இருப்பது மோன் மாநிலம். யூனிகோடில் மோன், ஷான், கரேன் எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களை ஸாவ்ஜி பர்மிய எழுத்தின் வேறு வேறு வடிவங்களுக்கு எடுத்துக்கொண்டது. அதனால் ஸாவ்ஜி உள்ள கணினியில் என் பக்கத்து வீட்டு மோன் ஆசிரியை தன் மொழியில் ஒரு வரி எழுதினால் வேறு எழுத்துகள் வந்து நிற்கும். பர்மியர்களுக்கு அது சுலபமாக இருந்தது, உண்மைதான். சிறுபான்மை மொழிக்காரர்களுக்குக் கதவை அடைத்தது. நாமும் இங்கே சிறுபான்மைதான். தமிழுக்குத் தனி இடம் இருந்ததால் நாம் தப்பித்தோம்.

ஆண்ட்ராய்டைப் பற்றிச் சொன்னது சரி. போன் விற்றவர்கள் ஸாவ்ஜியைப் போட்டு விற்றார்கள். ஆனால் இன்று ஆண்ட்ராய்டிலும், குரோமிலும், ஃபயர்ஃபாக்ஸிலும், லிபர் ஆபீஸிலும் எழுத்துகளைக் கோத்துக் காட்டுவது ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரல். அது லினக்ஸ் உலகத்தில் வளர்ந்தது. உங்கள் விண்டோஸில் குரோமைத் திறந்து தமிழ் படிக்கும்போது, எழுத்தைக் கோத்துக் கொடுப்பது எங்கள் ஆட்கள் எழுதிய நிரல்.


மாங்காய்ப் பத்தை | தட்டோன்

அண்ணன்மார், அக்கா எல்லோருக்கும் வணக்கம். நான் மாணவன். கேட்கலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். அம்மா பழைய கணினியில் சமையல் குறிப்புகளைப் பர்மிய மொழியில் அடித்து வைத்திருக்கிறார். என் போனில் திறந்தால் எழுத்துகள் உடைந்து தெரிகின்றன. எந்த இயங்குதளம் போட்டால் இது சரியாகத் தெரியும்?


மௌல்மீன் பென்குயின் | மௌல்மீன்

தாராளமாகக் கேள் தம்பி. எந்தத் தளம் போட்டாலும் தானாகச் சரியாகாது. அம்மா அடித்தது ஸாவ்ஜி, உன் போன் படிப்பது யூனிகோடு. இரண்டுமே ஒரே எண்களைப் பயன்படுத்துவதால், எது எது என்று கணினி ஊகித்துத்தான் சொல்ல முடியும். நாடு முழுக்க யூனிகோடுக்கு மாறும் நாளாக 2019 அக்டோபர் 1-ஐ அறிவித்தார்களே, அதற்கு முன்பு அடித்த கோப்பு என்றால் பெரும்பாலும் ஸாவ்ஜியாகத்தான் இருக்கும். மாற்றித் தரும் நிரல்கள் எல்லாத் தளத்துக்கும் உண்டு. மூலக் கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, நகலை மட்டும் மாற்று. மாற்றிய பிறகு அளவுக் குறிப்புகளை அம்மாவோடு உட்கார்ந்து ஒருமுறை சரிபார். உப்பு எவ்வளவு என்பது மாறிவிட்டால் குழம்பு கெட்டுவிடும்.


ஆப்பிள்மரம் | ரங்கூன்

பர்மிய எழுத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், மேக்கை ஒருவரும் நினைக்கவில்லையே!

மேக்கோடு வரும் பர்மிய எழுத்துரு மியான்மர் சங்கம் எம்என். அதை வடிவமைத்தவர் முத்து நெடுமாறன், மலேசியத் தமிழர், முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கியவர். எழுத்துருப் பெயரின் கடைசியில் நிற்கும் எம்என் அவர் பெயரின் முதலெழுத்துகள்தான். தமிழ் சங்கம், சிங்களம், கெமர், லாவோ என்று ஒரு வரிசையே அவர் கையில் இருந்து வந்திருக்கிறது. 2005-இல் வந்த மேக்கின் டைகர் பதிப்பிலேயே அவருடைய இணைமதி எழுத்துரு இருந்தது. 2013-இல் ஐபோனில் தமிழ் 99-உம் அஞ்சலும் விசைப்பலகையாக உள்ளேயே வந்தன. ரங்கூனில் உட்கார்ந்து மேக்கில் அந்த எழுத்துருவில் பர்மியச் செய்தி படிக்கிற ஒவ்வொருவரும் ஒரு தமிழர் வரைந்த எழுத்தைப் படிக்கிறார்கள். எனக்கு இது மிகப் பெரிய பெருமை. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்புறம் கரண்டு. நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். என் எம்1 மேக்புக் ஏர் மடிக்கணினியில் விசிறியே இல்லை, சூடும் குறைவு. கரண்டு போய் நாலு மணி நேரம் ஆனாலும் வேலை நிற்பதில்லை. பக்கத்துக் கடையில் ஜெனரேட்டரை இழுத்துவிட்டு ஓடவைக்கும் நேரத்தில் நான் ஒரு பாட்டை முடித்துவிடுவேன்.


ஐராவதிக்கரை | ரங்கூன்

முத்து நெடுமாறன் அவர்களைப் பற்றிய செய்திக்கு நன்றி. அடுத்த வகுப்பிலேயே சொல்கிறேன். ஆனால் மேக் வாங்க எங்களிடம் பணம் இல்லை அண்ணா. இருக்கிற பெட்டிகளில் மேக் தளத்தை முறைப்படி போடவும் முடியாது. உங்கள் வாதம் நல்ல வாதம், அறைதான் வேறு.


சூலாயுதம் | பெகு

இவ்வளவு நேரம் எழுத்தைப் பற்றியே பேசியாகிவிட்டது. கேட்டவர் கரண்டைப் பற்றியும் கேட்டார். அதற்கு வருகிறேன். நான் ஃப்ரீபிஎஸ்டி ஆள். 1993-இல் இருந்து இருக்கிற தளம். ஆப்பிள்மரம் தம்பியின் மேக்கின் அடித்தளத்திலும் எங்கள் நிரல்கள் இருக்கின்றன. பிளேஸ்டேஷன் 4 ஓடுவதும், நெட்ஃபிளிக்ஸ் தன் படங்களை உலகம் முழுக்க அனுப்பும் சர்வர்கள் ஓடுவதும் இதன் மேல்தான்.

கரண்டு திடீரென்று போகும்போது என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். நீங்கள் சேமி என்று அழுத்தியதும் கோப்பு உடனே டிஸ்கில் ஏறிவிடுவதில்லை. முதலில் ராமில் நிற்கும். இயங்குதளம் கொஞ்சம் கொஞ்சமாக டிஸ்குக்கு அனுப்பும். டிஸ்கும் தன் சொந்த நினைவகத்தில் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகுதான் தட்டில் எழுதும். இந்த மூன்று இடத்தில் எங்கே இருக்கும்போது கரண்டு போனாலும் இழப்பு உண்டு. அதைவிட மோசமானது பாதி எழுதிய நிலை. கோப்பின் உள்ளடக்கம் ஒன்றாகவும், அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு வேறாகவும் நின்றுவிடும்.

டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைக்குக் கோப்பமைப்பு என்று பெயர். இதற்கு விண்டோஸின் கோப்பமைப்பான என்டிஎஃப்எஸ், லினக்ஸின் எக்ஸ்ட்4 இரண்டும் ஒரே வழியைக் கையாள்கின்றன. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகு செய்கின்றன. மறுபடி கரண்டு வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொள்கின்றன. நல்ல வழிதான். ஆனால் அது பெரும்பாலும் கோப்பமைப்பின் கட்டுக்கோப்பைத்தான் காக்கும். உள்ளே இருக்கும் எழுத்துக்கு அந்த அளவு உத்தரவாதம் இல்லை.

எங்கள் கோப்பமைப்பான இசட்எஃப்எஸ் வேறு மாதிரி. பழைய தகவல் இருக்கும் இடத்தின் மேல் அது எழுதவே எழுதாது. புதிய இடத்தில் எழுதி முடித்த பிறகுதான் இதுதான் இப்போதைய கணக்கு என்று சுட்டியை மாற்றும். அந்தக் காலத்தில் இந்த ஊரில் செட்டியார் கடைக் கணக்குப்பிள்ளைகள் பழைய பேரேட்டை அழிக்காமல் புதுப் பக்கத்தில் எழுதினார்களே, அதே மாதிரி. நடுவில் கரண்டு போனால் பழைய பக்கம் அப்படியே முழுதாக இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண்ணும் உண்டு. டிஸ்க் கெட்டுப்போய்த் தவறான தகவலைக் கொடுத்தால் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். ஃப்ரீபிஎஸ்டியில் இது 2008-இல் இருந்து இருக்கிறது. என் கடையில் யுபிஎஸ் இல்லாமலே ஒரு பெட்டி இதில் ஓடுகிறது, வாடிக்கையாளர் கணக்கு முழுக்க அதில்தான்.


ஆப்பிள்மரம் | ரங்கூன்

ஐயா, மேக்கின் கோப்பமைப்பான ஏபிஎஃப்எஸ்-உம் கட்டமைப்புத் தகவல்களை மேலெழுதாமல் புதிய இடத்தில்தான் எழுதுகிறது. 2017-இல் இருந்து.


சூலாயுதம் | பெகு

மகிழ்ச்சி தம்பி. ஆனால் உன் கோப்பின் உள்ளடக்கத்துக்கு அதில் சரிபார்ப்பு எண் இல்லை. கல்யாண வீடியோக்களை இரண்டு டிஸ்கில் வைத்துக்கொள்.


மௌல்மீன் பென்குயின் | மௌல்மீன்

சூலாயுதம் ஐயா விளக்கம் அருமை, சேமித்து வைத்துக்கொண்டேன். ஆனால் 4 ஜிபி ராமில் இசட்எஃப்எஸ் போட்டு, மேலே டெஸ்க்டாப்பும் லிபர் ஆபீஸும் ஓட்டினால் பிள்ளைகளுக்கு மெதுவாக இருக்கும். அதன் நினைவகப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தலாம், எனக்கும் தெரியும். ஆனால் ஒரு தன்னார்வ ஆசிரியர் அதை உட்கார்ந்து சரிசெய்ய வேண்டுமா?

எக்ஸ்ட்4 சாதாரண அமைப்பில் தன் குறிப்பேட்டை 5 வினாடிக்கு ஒருமுறையும், கோப்பின் உள்ளடக்கத்தைச் சுமார் அரை நிமிடத்திலும் டிஸ்குக்குத் தள்ளிவிடும். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அரை நிமிட இழப்பு என்றால் ஒன்றிரண்டு வரி. பெரிய இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. எந்தத் தளத்திலும் பிள்ளைகள் சேமிக்க மறந்துவிடுவார்கள். லிபர் ஆபீஸில் தானியங்கிச் சேமிப்பு 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று இருக்கும். வேர்டிலும் அதேதான். நிறுவியதும் முதல் வேலையாக அதை 1 நிமிடமாக மாற்றுங்கள். எந்தக் கோப்பமைப்பைவிடவும் இந்த ஒரு மாற்றம் அதிகம் காப்பாற்றும்.

இன்னொரு விஷயம், பென் டிரைவ். லினக்ஸில் பெரிய கோப்பை நகலெடுக்கும்போது, முடிந்தது என்று திரையில் வந்த பிறகும் பென் டிரைவ் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். உண்மையில் எழுதுவது அப்போதுதான் நடக்கிறது. அந்த நேரத்தில் பிடுங்கினாலோ கரண்டு போனாலோ கோப்பு போய்விடும். பாதுகாப்பாக வெளியேற்று என்பதை அழுத்தி, விளக்கு நின்ற பிறகு எடுக்கச் சொல்லிக் கொடுங்கள்.


சன்னல்காரர் | ரங்கூன்

விண்டோஸ் 10-இல் 2018-இன் இறுதியில் இருந்தே பென் டிரைவ்களுக்கு உடனே எழுதும் முறைதான் இயல்பு. தங்கச்சி சொன்ன அந்தக் காத்திருப்பு எங்களுக்குக் கிடையாது. பிள்ளைகள் கையில் இருக்கும் கருவிக்கு எது பொருத்தம் என்று தங்கச்சியே சொல்லட்டும்.

புதுப்பிப்பைப் பக்கத்துக் கணினியிடம் வாங்கிக்கொள்ளும் வசதியும் விண்டோஸ் 10-இல் அமைப்புகளிலேயே இருக்கிறது. தனி நிரல் எதுவும் தேவையில்லை. யுபிஎஸ்-ஐ யுஎஸ்பியில் செருகினால் மடிக்கணினி பேட்டரி மாதிரி மூலையில் காட்டும், தீரும் முன்பு தானாக அணைத்துவிடலாம்.

சமரசமாக ஒன்று சொல்கிறேன். இரண்டையும் போடுங்கள். பாதி டிஸ்கில் விண்டோஸ், பாதியில் மின்ட். பிள்ளைகளே பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும்.


ஐராவதிக்கரை | ரங்கூன்

அண்ணன் சொன்னபடி ஒரு கணினியில் இரண்டையும் போட்டுப் பார்த்தோம். இரண்டு பிரச்சினை வந்தது. மின்டில் போய்விட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஆறரை மணி நேரம் பின்னால் நிற்கிறது. மின்டில் இருந்து விண்டோஸ் பகுதியில் இருக்கும் கோப்பைத் திறக்கலாம், ஆனால் சேமிக்க முடியவில்லை. படிக்க மட்டும் என்கிறது.


சூலாயுதம் | பெகு

இரண்டுமே எல்லோருக்கும் வருவதுதான். மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருக்கிறது என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். உலகப் பொது நேரம் இருக்கிறது என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். நம் நாடு பொது நேரத்துக்கு ஆறரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அதே ஆறரை மணி வித்தியாசம் தெரிகிறது. லினக்ஸில் ஒரே கட்டளையில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம். இல்லையென்றால் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்ற மதிப்பைச் சேர்த்து 1 என்று வையுங்கள். ஏதாவது ஒன்றை மட்டும் செய்யுங்கள், இரண்டையும் செய்தால் மறுபடி குழப்பம்.

சேமிக்க முடியாததற்குக் காரணம் விண்டோஸின் வேகத் தொடக்கம் என்ற வசதி. அது இருக்கும்போது விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதி உறக்க நிலையில் டிஸ்கைப் பிடித்து வைத்திருக்கும். அந்த நிலையில் இன்னொரு தளம் அதில் எழுதினால் கோப்பமைப்பு கெட்டுப்போகும் என்பதால்தான் லினக்ஸ் எழுத மறுக்கிறது. அது நல்லதற்குத்தான். விண்டோஸின் பவர் அமைப்புகளில் போய் வேகத் தொடக்கத்தை நிறுத்திவிடுங்கள்.


மௌல்மீன் பென்குயின் | மௌல்மீன்

ஐயா சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அண்ணா, இதை எல்லாக் கணினியிலும் செய்து, ஒவ்வொன்றிலும் இரண்டு தளத்துக்கும் புதுப்பிப்பு இறக்க வேண்டும். போன் ஹாட்ஸ்பாட் தாங்காது. ஒரு பெட்டிக்கு ஒரு தளம் என்று முடிவு செய்யுங்கள். அதற்குமுன், சில கணினியில் மின்ட், சில கணினியில் விண்டோஸ் என்று வைத்துப் பிள்ளைகளை அடிக்க விட்டுப் பாருங்கள்.


ஐராவதிக்கரை | ரங்கூன்

அக்கா சொன்னபடியே செய்தோம். பார்த்ததைச் சொல்கிறேன்.

தமிழில் ஒரு பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நாங்கள் கற்றுக்கொடுப்பது தமிழ் 99. அது 1999-இல் சென்னையில் நடந்த இணையத் தமிழ் மாநாட்டின் வழியே தரப்படுத்தப்பட்ட விசைப்பலகை. விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்பில் உள்ளேயே இருக்கிறது, மின்டில் ஐபஸ் வழியாக இருக்கிறது. இடது கையில் உயிர், வலது கையில் மெய் என்று விரல் பழகிவிட்டதால், எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அம்மா என்று தேடாமல் அடிக்கிறார்கள்.

பர்மியத்தில்தான் சிக்கல். ஏகார ஒலிக்கான குறி எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும், நம் ஒற்றைக்கொம்பு மாதிரி. வீட்டில் ஸாவ்ஜி பழகிய பிள்ளைகள் அந்தக் குறியை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிக்கிறார்கள். பழைய தமிழ் டைப்ரைட்டரில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிப்போமே, அதே பழக்கம். யூனிகோடில் எழுத்து முதலில், குறி பின்னால். விண்டோஸில் பார்க்கிற வரிசையில் அடிப்பதற்கு ஒரு விசைப்பலகை, ஒலிக்கிற வரிசையில் அடிப்பதற்கு ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. முதலாவதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் பிள்ளைகள் சடசடவென்று அடித்தார்கள். மின்டில் முதலில் இருந்த விசைப்பலகையில் அதே பிள்ளைகள் ஒவ்வொரு சொல்லிலும் நின்றார்கள்.


சன்னல்காரர் | ரங்கூன்

வீட்டில் எப்படிப் பழகியிருக்கிறார்களோ அப்படியே அடிக்க விடுவதுதான் நல்ல தளத்துக்கு அடையாளம். எழுதிக்கொள்ளுங்கள், இந்தச் சுற்று விண்டோஸுக்கு.


மௌல்மீன் பென்குயின் | மௌல்மீன்

இந்தச் சுற்று உங்களுக்குத்தான் அண்ணா, மனப்பூர்வமாகச் சொல்கிறேன். விண்டோஸ் குழு நம் மக்களின் கைப்பழக்கத்தைக் கவனித்திருக்கிறது.

ஐராவதிக்கரை அண்ணா, கீமேஜிக் என்ற உள்ளீட்டு நிரல் இங்கே பர்மாக்காரர்கள் எழுதியது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் உண்டு. அதில் பார்க்கிற வரிசையில் அடிக்கும் விசைப்பலகை இருக்கிறது. பின்னால் யூனிகோடு வரிசைக்கு அதுவே மாற்றிக்கொள்ளும். மின்ட் கணினிகளில் அதை நிறுவிவிட்டு, அதே பிள்ளைகளை அதே பத்தியை அடிக்கச் சொல்லிப் பாருங்கள்.


மாங்காய்ப் பத்தை | தட்டோன்

அக்கா, அம்மாவின் குறிப்புகள் மாறிவிட்டன. ஒரு இடத்தில் மட்டும் எண் உடைந்திருந்தது, அம்மா பார்த்துச் சொன்னார். நானும் பழைய மடிக்கணினி ஒன்றில் மின்ட் போடலாம் என்று இருக்கிறேன். 32 பிட் கணினி என்று எழுதியிருக்கிறது.


மௌல்மீன் பென்குயின் | மௌல்மீன்

32 பிட் என்றால் மின்ட் 22 ஏறாது தம்பி. டெபியன் 12 போடு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினியில் நிறுவும் வசதியை எடுத்துவிட்டார்கள். 12-க்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு இருக்கிறது.


ஐராவதிக்கரை | ரங்கூன்

கீமேஜிக் வேலை செய்கிறது. நின்று நின்று அடித்த பிள்ளைகள் இப்போது மின்டிலும் நிற்காமல் அடிக்கிறார்கள்.

அதனால் முடிவு இதுதான். அச்செடுக்கும் ஒரு கணினியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் மின்ட். காரணம் ஒன்றே ஒன்று: 2026 அக்டோபர் 13-க்குப் பிறகு இந்தப் பெட்டிகளுக்கு விண்டோஸில் பாதுகாப்பு இல்லை, இவற்றுக்குப் பதில் வேறு பெட்டி வாங்க எங்களால் முடியாது. 2029 வரை கவலையில்லாமல் வகுப்பு நடத்த வேண்டும். அச்சுக் கணினியில் விண்டோஸ் 10 இருக்கும், இணையத்தோடு இணைக்க மாட்டோம். சூலாயுதம் ஐயாவின் இசட்எஃப்எஸ் யோசனையைப் பிள்ளைகளின் கட்டுரைகளைச் சேர்த்து வைக்கும் ஒரு பெட்டிக்குப் பிறகு பார்க்கலாம் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.


சூலாயுதம் | பெகு

பிறகு எதற்கு? என்னிடம் 8 ஜிபி ராமோடு ஒரு பெட்டி சும்மா கிடக்கிறது. இரண்டு டிஸ்க் போட்டுக் கொண்டுவந்து தருகிறேன். ஒன்று கெட்டாலும் மற்றதில் பிள்ளைகள் எழுதியது இருக்கும். வண்டிச் செலவு என்னுடையது.


சன்னல்காரர் | ரங்கூன்

முடிவை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் என் கட்சியை விடவில்லை. அச்சுக் கணினியை ஏன் தனியாக வைத்தீர்கள்? அந்த பிரின்டர் மின்டில் ஓடவில்லை, அதுதானே? நாளைக்கு இன்னொரு பழைய பிரின்டரை யாராவது தானம் கொடுத்தால் அதுவும் என்னிடம்தான் வரும். பார்க்கலாம்.

ஆண்டு விழா மலரை என் அச்சகத்திலேயே இலவசமாக அடித்துத் தருகிறேன். யூனிகோடில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.


மௌல்மீன் பென்குயின் | மௌல்மீன்

மலரை ஸ்கிரைபஸில் நாங்களே பக்கம் அமைத்து பிடிஎஃப் ஆகக் கொடுக்கிறோம் அண்ணா. 1.6 பதிப்பில் தமிழும் பர்மியமும் ஒரே பக்கத்தில் ஒழுங்காக வருகிறது. நீங்கள் அச்சடித்தால் போதும்.

பிரின்டர் விஷயத்தை அப்படியே விடுவதாக இல்லை. ஐராவதிக்கரை அண்ணா, அதன் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். டிரைவர் இருக்கிறதா என்று இன்று இரவே பார்த்துச் சொல்கிறேன்.